கிளிப் பெடலிலிருந்து கால் கழலவில்லை, மூன்று தரம் விழுந்துவிட்டேன். யாராவது வழி சொல்லுங்கள்

உப்புவெளிப் பொடியன்:

வணக்கம். போன மாதம் பழைய ரோட் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அதனுடன் கிளிப் பெடலும் அதற்குரிய சப்பாத்தும் வந்தன. பெடல் ஷிமானோவின் எஸ்.பி.டி. வகை, இரண்டு பக்கமும் பூட்டும். சப்பாத்தின் அடியில் இரண்டு புரியாணிகளால் பொருத்திய சிறிய இரும்புத் துண்டு (கிளீட்) இருக்கிறது. காலை மிதித்தால் 'டிக்' என்று பூட்டிக்கொள்கிறது. பிரச்சினை கழற்றுவதில்தான்.

முதல் விழுகை வீட்டுக் கேற்றடியில். அம்மா கேற்றைத் திறந்துகொண்டிருக்கும்போதே நான் செவ்வரத்தைப் பற்றைக்குள் கிடந்தேன். இரண்டாவது, திருகோணமலைக் கோட்டைக்குள்ளே கோணேசர் கோவிலுக்குப் போகும் ஏற்றத்தில். புள்ளிமான் ஒன்று நடுவீதியில் நின்றது. பிரேக் பிடித்தேன், சைக்கிள் நின்றது, நான் சைக்கிளோடு மெதுவாகச் சாய்ந்தேன். வெள்ளிக்கிழமை வேறு, கோவிலுக்கு வந்த சனம் முழுவதும் பார்த்தது. மான் மட்டும் அசையவில்லை.

மூன்றாவது நேற்று. நிலாவெளியிலிருந்து திரும்பும்போது சாம்பல்தீவுக்கு அண்மையில் மாடுகள் வீதியை மறித்துப் படுத்திருந்தன. இந்தத் தரம் தயாராகவே இருந்தேன். முன்கூட்டியே இடது காலைத் திருப்பினேன். ஆனாலும் கழலவில்லை. இடது பக்கம் விழுந்து கையை ஊன்றிவிட்டேன், மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

பெடலின் இறுக்கத்தைக் குறைக்க வேண்டுமா? அல்லது எனக்குத்தான் இது சரிவராதா?

உவர்மலை இறக்கம்:

தம்பி, முதல் இரண்டும் எல்லோரும் விழுந்த விழுகைதான். நான் கடற்கரை வீதியில் ஐஸ்கிறீம் வண்டிக்காரருக்கு முன்னால் விழுந்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதறும்போது நாம் காலை மேலே இழுக்கிறோம், அல்லது பின்னால் இழுக்கிறோம். இந்தப் பெடல் அதற்கெல்லாம் விடாது. மேலே இழுத்தாலும் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது அது. குதிகாலைச் சைக்கிளிலிருந்து வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும், பக்கவாட்டில் ஓர் உதை போல. பெடல் கீழே வந்திருக்கும்போது திருப்பினால் இலகு.

இன்னொன்று, நின்றபின் கழற்றுவதில்லை, நிற்பதற்கு முன்பே கழற்ற வேண்டும். வேகம் நடையளவுக்குக் குறைந்துவிட்டால் சைக்கிள் தானாக நிமிர்ந்து நிற்காது. சந்தியைக் கண்டதும், மாட்டைக் கண்டதும், பிரேக்கில் விரல் போகும்போதே ஒரு கால் வெளியே வந்துவிட வேண்டும். நம் நாட்டில் இடது ஓரமாக ஓடுகிறோம், ஆகவே இடது கால். அந்தக் காலைக் கழற்றிவிட்டு உடம்பையும் அந்தப் பக்கமே சாயுங்கள். பலர் இடது காலைக் கழற்றிவிட்டு வலது பக்கம் விழுகிறார்கள். அது பஸ் வருகிற பக்கம்.

மக்கெய்சர் மைதானத்துப் புல்லில் போய்ப் பழகுங்கள். அதற்கு முன் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் ஐம்பது தரம் பூட்டிக் கழற்றுங்கள்.

நிலாவெளிக் காற்று:

இறுக்கம் பற்றிக் கேட்டீர்கள். பெடலில் 3 மில்லிமீற்றர் அலன் சாவி (அறுகோணச் சாவி) போடும் சிறிய ஆணி இருக்கும். ஒரு பெடலில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. மொத்தம் நான்கு. மூன்றைத் தளர்த்திவிட்டு நான்காவதை மறந்தால் சில நேரம் கழலும், சில நேரம் கழலாது, உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். திருப்பும்போது சொடக்கு கேட்கும். நான்கிலும் ஒரே அளவு சொடக்கு எண்ணித் தளர்த்துங்கள்.

கிளீட்டின் நிறத்தையும் பாருங்கள். கறுப்பு என்றால் பெரும்பாலும் 51ஆம் இலக்கம், பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். வெள்ளி நிறத்தில் 56 என்று ஒன்று உண்டு, அது பல திசைகளில் விடும். பழகுகிறவருக்கு 56 நல்லது.

மடத்தடித் தாத்தா:

நான் நாற்பது வருடமாகத் தட்டைப் பெடலில் ஓடுகிறேன். கன்னியா வெந்நீரூற்றுக்கும் போனேன், கிண்ணியாப் பாலமும் கடந்தேன், ஒரு தரமும் பெடல் என் காலைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. காலைக் கட்டிப்போட்டு ஓடுவதற்கு நீ என்ன கோவில் யானையா? அதை ஆங்கிலத்தில் 'கிளிப் இல்லாத பெடல்' என்கிறார்களாம், கிளிப் போட்டுப் பூட்டுகிற பெடலுக்கு! அந்தப் பெயரை நம்பி வாங்கியவர்களும் இருப்பார்கள்.

உவர்மலை இறக்கம்:

தாத்தா, அந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது. முந்திக் கால்விரலை ஒரு கம்பிக் கூட்டுக்குள் விட்டு வாரால் இறுக்குவார்கள், அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். 1984இல் லுக் நிறுவனம் கூடில்லாத பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பிரெஞ்சுச் சைக்கிள் வீரர் பெர்னார் ஹினோ அதை மாட்டிக்கொண்டே டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கூடு போனது, பெயர் நின்றுவிட்டது. அந்த வாரைக் கழற்றுவது இதைவிடக் கஷ்டம், குனிந்து கையால் தளர்த்த வேண்டும்.

உப்புவெளிப் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி. நான்கு ஆணிகளையும் தளர்த்திவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பழகினேன். வலது கால் எத்தனை தரமும் கழலுகிறது. இடது கால் கழலவேயில்லை. குதிகால் நன்றாகத் திரும்புகிறது, அதுதான் புதினம். கழலாமல் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

நேற்றுச் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது சொல்கிறேன். விழுந்தபின் நானாக எழும்ப முடியவில்லை. மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் ஐயா சப்பாத்தின் பட்டியை அவிழ்த்து என் காலை உருவி எடுத்தார். சைக்கிளை முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்தபோது சப்பாத்து பெடலில் தொங்கிக்கொண்டே வந்தது. வீட்டில் ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பித்தான் எடுத்தேன். இன்றைக்குப் பழகும்போதும் அதே கதை.

சீனன்குடாப் பட்டறை:

சப்பாத்து தொங்கியதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேரும் பாடம் நடத்தியிருக்கத் தேவையில்லை. கோபிக்க வேண்டாம்.

இடது சப்பாத்தைப் புரட்டிப் பார். கிளீட்டில் ஓர் ஆணி இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு ஆணிகள் இருந்தால் சப்பாத்து திரும்பும்போது கிளீட்டும் கூடத் திரும்பும், அந்தத் திருப்பம்தான் பெடலின் சுருள்வில்லைத் திறக்கிறது. ஓர் ஆணி விழுந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஆணியை அச்சாக வைத்துச் சப்பாத்து மட்டும் சுழலும். கிளீட் பெடலுக்குள் அசையாமல் இருக்கும். நீ இறுக்கத்தை எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை. குதிகால் வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பியும் 'டிக்' சத்தம் வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நிலாவெளியில் அந்தச் சப்பாத்தோடு மணலில் நடந்தாயா?

உப்புவெளிப் பொடியன்:

நடந்தேன் அண்ணா. தேநீர் குடிக்கக் கடற்கரைக்கு இறங்கினேன். இப்போது பார்த்தேன், முன் ஆணி இல்லை. துளை முழுவதும் மணல். மற்ற ஆணி கறள் பிடித்து அசையவில்லை.

சீனன்குடாப் பட்டறை:

சரி, அவசரப்படாதே. ஆணித் தலையின் அறுகோணக் குழிக்குள் மணல் இறுகியிருக்கும். ஊசியால் கிளறி முழுவதையும் எடுத்தபின்தான் 4 மில்லிமீற்றர் அலன் சாவியைப் போட வேண்டும். சாவி அரைகுறையாக இறங்கிய நிலையில் பலம் கொடுத்தால் குழி வட்டமாகிவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். கறள் நீக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் வைத்துவிடு. காலையில் சாவியின் தலையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பு.

புது ஆணி எம் 5 அளவு. கண்ட நீளத்தில் போடாதே, கிளீட்டோடு வருகிற ஆணியையே வாங்கு. தலை பெரிதாக இருந்தால் பெடலில் இடிக்கும். புரியில் கொஞ்சம் கிறீஸ் பூசி இரண்டையும் மாறி மாறி இறுக்கு, அளவு 5 முதல் 6 நியூட்டன் மீற்றர். பெடலின் வில்லுக்கு மட்டும் கிறீஸ் அப்பாதே, நம் ஊர் மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

வலது சப்பாத்தையும் பார். ஒன்று விழுந்தால் மற்றவையும் தளர்ந்திருக்கும்.

இனி ஒரு தரம் இப்படி மாட்டினால் காலைத் திருகிக்கொண்டு சண்டை பிடிக்காதே. ஓடிக்கொண்டே பட்டியைத் தளர்த்து, காலைச் சப்பாத்திலிருந்து உருவு, காலுறையோடு ஊன்று. முடியாவிட்டால் மின்கம்பம் ஒன்றைப் பார்த்துப் போய்ப் பிடித்துக்கொள்.

வார்டுக் கடமை:

தம்பியின் மணிக்கட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கையை ஊன்றி விழுந்தவர் பெருவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால் இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். அங்கே படகு வடிவில் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, உடைந்தால் பொருந்த நாள் எடுக்கும். முதல் எக்ஸ்ரேயில் வெடிப்புத் தெரியாமலும் போகலாம், அதனால்தான் 10 முதல் 14 நாளில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அதுவரை கட்டு அவிழ்க்கக் கூடாது. வீக்கம் குறைந்துவிட்டது என்று சைக்கிளில் ஏறிவிடாதீர்கள்.

உப்புவெளிப் பொடியன்:

அழுத்தினேன் அக்கா, வலித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கட்டுப் போட்டு இரண்டு கிழமை கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கறள் ஆணி மூன்றாம் நாள்தான் அசைந்தது. வலது சப்பாத்திலும் ஓர் ஆணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. புது ஆணிகளைத் தம்பி இறுக்கித் தந்தான். சுவரைப் பிடித்து ஒரு கையால் பழகிப் பார்த்தேன். இடது கால் இப்போது 'டிக்' என்று கழலுகிறது. அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. செவ்வரத்தையை மட்டும் கேற்றடியிலிருந்து தள்ளி நட்டுவிட்டார்.

மடத்தடித் தாத்தா:

தட்டைப் பெடல் ஒரு சோடி என் வீட்டில் சும்மா கிடக்கிறது. கை சுகமானதும் வந்து எடுத்துக்கொண்டு போ.