விடியற்காலையில் சைக்கிளை விரட்டும் தெருநாய்கள்: வழி சொல்லுங்கள்

கோவை சிங்காநல்லூர் பக்கம் அப்பா சைக்கிளில் பால் பாக்கெட் போடுகிறார். காலை நாலரை மணிக்கு ஒரு சந்தில் ஐந்தாறு நாய்கள் சேர்ந்து விரட்டுகின்றன. தீபாவளிக்கு அப்புறம்தான் இப்படி. போன வாரம் கெண்டைக்காலில் கடி. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாயில் கழுவி, அரசு மருத்துவமனையில் ஊசி ஆரம்பித்தாயிற்று.

முன்னால் பாய்வது ஒரு செவலை ஆண் நாய். காதில் வெட்டுக்குறி இல்லை, கருத்தடை ஆகியிருக்காது. இறங்கி, சைக்கிளைக் குறுக்கே வைத்து அசையாமல் நின்றால் குரைத்துவிட்டு விலகுகிறது. ஏறி மிதித்தால் மறுபடி துரத்தல். தடியைக் காட்டினால் மொத்தக் கூட்டமும் வெறியாகிறது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டும் துரத்துகிறது. மாற்றுப்பாதை கிடையாது, வாடிக்கை வீடுகளே அந்தச் சந்தில்தான்.

மாநகராட்சியில் புகார் கொடுத்தோம். கருத்தடை செய்து அதே இடத்தில்தான் விடுவோம் என்றார்கள். ஆனால் 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவில் ஆக்ரோஷமான நாய்களை அப்படி அதே இடத்தில் விடக் கூடாது என்று விலக்கு உண்டு. அதைச் சுட்டி மறுபடி மனு எழுதியிருக்கிறேன். அப்பா நாளைக்கும் போயாகணும்.

நாயைக் காயப்படுத்தாமல், சைக்கிளில் இப்படிப்பட்ட சந்தைக் கடக்க உங்களுக்குக் கைகொடுத்த வழி எது?