தேசி மரத்துப் புழுவுக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி:
திருகோணமலை உவர்மலையில் எங்கள் வளவில் ஒரு தேசி மரம் நிற்கிறது. போன கிழமை கையகலத்துக்கும் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று, பின்சிறகு வெளிர்நீலம், வால் இல்லை, தளிர்களைத் தொட்டுத் தொட்டுப் பறந்தது. இப்போது இலைகளில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. ஈர்க்கால் தட்டினேன், ஊர்ந்தது! அம்மா மருந்து அடிக்கச் சொல்கிறா. அடிக்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து அடிக்க வேண்டாம், தம்பி. நீங்கள் பார்த்தது ப்ளூ மோர்மன் போலத்தான் இருக்கிறது. இலங்கையில் அதைவிடப் பெரிய வண்ணத்துப்பூச்சி பேர்ட்விங் மட்டும்தான். காட்டில் குருந்து மரத்தில் முட்டையிடும், ஊருக்குள் வந்தால் தேசி, தோடை. தளிருக்கு ஒன்றாக உருண்டை முட்டை வைக்கும், நாலைந்து நாளில் பொரிக்கும். அதன் புழு எச்சம் மாதிரி இருப்பது பறவைகளை ஏமாற்றத்தான், கடைசியாகத் தோல் உரித்தபின் பச்சையாகி, முன்பக்கத்தில் கண் போன்ற புள்ளிகளோடு குட்டிப் பாம்பு மாதிரி நிற்கும். அப்போது மெல்லத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து கவை போல ஒரு கொம்பை நீட்டும், புளித்த நாற்றம் வரும். கடிக்காது.

பதில் 2:
வளர்ந்த மரம் என்றால் பத்துப் புழு தின்றாலும் அடுத்த மழைக்குத் தளிர்த்துவிடும். இளங்கன்று என்றால் இலையோடு நறுக்கிப் பெரிய தேசி மரமொன்றில் வைத்துவிடுங்கள். கன்னியாப் பக்கக் காட்டுப் பாதைகளில் ஈர மணலில் இவை உட்கார்ந்து நீர் உறிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன், காடு வெட்ட வெட்ட நம் வளவு மரங்கள்தான் அவற்றுக்கு மிச்சம். அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் (மூன்று கிழமைக்குப் பின்):
மருந்து அடிக்கவில்லை. ஒன்று கிளையில் அரைஞாண் கட்டினது போல இடுப்பில் ஒரு நூலோடு சாய்ந்து தொங்குகிறது, பச்சை நிறம். இன்னொன்று காய்ந்த தடியில், அது மண்ணிறம். மண்ணிறமானது செத்துவிட்டதா?

பதில் 1:
இல்லை, இல்லை! இரண்டும் கூட்டுப்புழுதான், இருக்கும் இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும். ஏறக்குறைய இரண்டு கிழமை பொறுங்கள். கூட்டில் சின்ன ஓட்டை விழுந்தால் ஒட்டுண்ணிக் குளவி தின்றுவிட்டது என்று அர்த்தம், எனக்கு அப்படி மூன்று போயின. உள்ளே கறுப்புச் சிறகு தெரியத் தொடங்கினால் மறுநாள் விடிய எழும்பிப் போய்ப் பாருங்கள். கசங்கின துணி மாதிரி வெளியே வரும், தொங்கியபடியே சிறகுக்குள் உடம்பு நீரை ஏற்றி விரிக்கும். அந்த நேரத்தில் மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா. அம்மாதான் இப்போது காலையில் முதலில் போய்ப் பார்க்கிறா.