அவதாரமா, வனையுருவா?

வணக்கம்.

கணினி ஆட்டங்களில் ஆட்டக்காரர் தானே வடிவமைத்து ஆடும் உருவுக்கும், ஆட்டத்தில் முன்பே செய்துவைத்திருக்கும் உருவுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் தேடுகிறோம். முதலாவதற்கு வந்த 'தனிப்பயனாக்கத்தக்க ஆட்டக்காரர் உரு' என்ற பரிந்துரையில் பொருள் பிழை இல்லை. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டமே தொடங்கிவிடும். பொத்தானிலும் அடங்காது.

'அவதாரம்' போதுமே என்கிறார்கள். 1985இல் வந்த அல்ட்டிமா 4 என்ற ஆட்டத்தில் ஆட்டக்காரர் 'அவதார்' ஆவதுதான் இலக்கு. நம்மிடம் நெடுங்காலமாகப் புழங்கும் சொல், ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருக்கிறது. சரி, வரட்டும். ஆனால் டூம் ரைடர் ஆட்டத்தில் முன்பே செய்துவைத்த நாயகி லாரா கிராஃப்டாக ஆடினாலும் நான் எடுப்பது அவதாரம்தான். ஸ்கைரிம் என்ற ஆட்டத்தில் மூக்கையும் தாடையையும் இழுத்து இழுத்து நானே செய்த ஆளாக ஆடினாலும் அவதாரம்தான். நாம் பிரித்துக்காட்ட நினைப்பதே இந்த இரண்டைத்தானே?

என் பரிந்துரை: வனையுரு. குயவர் பானை வனைவதுபோல நாமே வனையும் உரு. வினைத்தொகை என்பதால் வனைந்த, வனைகின்ற, வனையும் என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம். அது வெறும் இலக்கண அழகில்லை. ஸ்கைரிமின் டான்கார்ட் விரிவாக்கத்தில், ஆட்டத்தின் நடுவிலும் 1,000 பொற்காசு கொடுத்து முகத்தை மாற்றிக்கொள்ளலாம். வனைவது முதல் திரையோடு முடிவதில்லை.

மற்றதற்கு, அதாவது முன்பே செய்துவைத்த உருவுக்கு, 'வார்ப்புரு' வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் அது 'டெம்ப்ளேட்' என்பதற்கான சொல்லாக வேறு வேலையில் இருக்கிறது. 'கதைமாந்தர்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? பேச்சில் கதாபாத்திரம் என்போம். அதுவும் பொருத்தம்தான், ஏற்கெனவே சுட்டு இறக்கிய பாத்திரம்!

மாஸ் எஃபெக்ட் ஆட்டத்தின் முதன்மைப் பாத்திரமான ஷெப்பர்ட் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். முகம் நம் விருப்பம், ஆணா பெண்ணா என்பதும் நம் விருப்பம். முதற்பெயரும் நாம் வைப்பதுதான், ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். குரல் பதிவில் இருப்பது 'ஷெப்பர்ட்' மட்டும். என் கணக்கில் இதுவும் வனையுருதான். இதற்கென்று மூன்றாவதாக ஒரு சொல் தேடவேண்டாம்.

பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தின் தொடக்கத் திரையை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். முன்பே செய்துவைத்த பாத்திரங்களில் ஒருவரான அஸ்டாரியனைத் தேர்ந்தால் வகுப்பை (போர்வீரர், மந்திரவாதி போன்றவை) மாற்றலாம், முகத்தைத் தொட முடியாது. பக்கத்திலேயே நாமாக ஒருவரைச் செய்யவும் இடமுண்டு. 'கதைமாந்தர்', 'வனையுரு' என்று இரண்டு தலைப்பு போட்டால் குழப்பமில்லாமல் உட்கார்கிறது. அந்தத் திரைக்கு 'வனைமேடை' என்று வைக்கலாமா? கொஞ்சம் அதிகப்படியோ என்று எனக்கே தோன்றுகிறது. நீங்கள் சொல்லுங்கள்.