வைஃபை பேருல 5ஜினு இருக்கே, அதுக்கு 5ஜி போன் வேணுமா?

அப்பளக்கட்டு:
எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சில வீட்டோட சேத்து அப்பள யாவாரம். போன மாசம் ஃபைபர் நெட் போட்டேன், 100 எம்பிபிஎஸ் பிளான். மாட்ட வந்த பையன் கேபிள் எங்க முடிஞ்சுதோ அங்கனயே, வாசப்பக்கத்து தார்சாவுல கரண்டு மீட்டருக்கு மேல பெட்டிய மாட்டிட்டு போயிட்டான். வைஃபைல ரெண்டு பேரு வருது, ஒண்ணு எங்க கடை பேரு, இன்னொண்ணு அதே பேருக்குப் பின்னால 5ஜினு. என் பழைய போன்ல அந்த ரெண்டாவது பேரு தெரியவே இல்ல, 4ஜி போனுங்கதாலதான்னு நெனச்சு 15,000 ரூவா குடுத்து 5ஜி போன் வாங்கிட்டு வந்தேன். இப்ப பட்டாசல்ல, அதான் ஹால்ல, உக்காந்தா பறக்கு, ரெண்டாங்கட்டு தாண்டி அடுக்களைக்குப் போனா அந்தப் பேரயே காணோம், பழைய போன்ல மத்த பேரு அங்கயும் கொஞ்சம் வருது, இது என்ன கூத்து?

அதுபோக படம் எறக்குனா 11, 12னுதான் காட்டுது, மிச்சம் எங்க போவுது? பில் போடுத பிரிண்டரு ரெண்டு நாளைக்கு ஒருக்க ஆஃப்லைன்ங்கு. போன் பண்ணி கேட்டா ஐபி மாறியிருக்கும் சார் ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு வச்சிருதாவ. ஐபின்னா என்ன, மோடம் வேற ரவுட்டர் வேறயா, எனக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க.

லைன்மேன்_அம்பை:
அண்ணாச்சி, அந்த 15,000த்த நெனச்சாத்தான் வயிறு எரியுது. போன் 5ஜில இருக்க ஜி தலைமுறைக்கு உள்ளது, அஞ்சாந்தலைமுறை டவர் சிக்னல். வைஃபை பேருல இருக்கது 5 கிகாஹெர்ட்ஸ்ங்க ரேடியோ அலைவரிசை, அத சுருக்கி 5ஜினு போட்டிருக்கான், ரெண்டுக்கும் ஒட்டும் கெடையாது உறவும் கெடையாது. 5 கிகாஹெர்ட்ஸ் புடிக்குத 4ஜி போன் எத்தனையோ இருக்கு, உங்க பழைய போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் புடிக்குத மாடலா இருந்திருக்கும், அவ்வளவுதான்.

100 எங்க போச்சுன்னு கேட்டீங்கள்லா, எங்கயும் போகல. பிளான்ல சொல்லுதது மெகாபிட், எறக்கும்போது காட்டுதது மெகாபைட். 8 பிட்டு சேந்தா 1 பைட்டு, 100ஐ எட்டால வகுத்துப் பாருங்க, 12.5. உங்களுக்கு லைன் முழுசா வருது. இத நான் வாரத்துக்கு பத்து வீட்டுல சொல்லுதேன்.

மோடம்னு நாம பழக்கத்துல சொல்லுதோம், ஃபைபருல அந்த வேலயப் பாக்குதது ஓஎன்டி, கண்ணாடி இழைல வர்ற வெளிச்சத்த கரண்டு சிக்னலா மாத்தும். ரவுட்டரு அதுக்கு அடுத்த ஆளு. வந்த ஒரே லைன போனு டிவி பிரிண்டருக்கு எல்லாம் பங்கு வச்சு, எவன் கேட்டது எவனுக்குப் போவணும்னு கணக்கு வச்சுக்கிடும். வைஃபைங்கது அத கம்பி இல்லாம கொண்டாந்து சேக்குத வழி மட்டும்தான். மூணையும் ஒரே பெட்டில அடச்சு குடுத்துட்டாங்கல்லா, அதான் கொழப்பம். பெட்டில லாஸ் (LOS)னு ஒரு லைட்டு செவப்பா எரிஞ்சா வெளிய லைன்ல கோளாறு, எங்களக் கூப்பிடுங்க. அது எரியலன்னா மொதல்ல வீட்டுக்குள்ள பாருங்க.

மேலரதவீதி:
மீட்டர் மேல மாட்டுனவன் கைக்கு தங்கக் காப்பு போடணும். எங்க வீட்டுல சாமி படத்துக்குப் பின்னால இருக்கு வே, அது தகர ஃபிரேமு வேற.

ரெண்டாங்கட்டு:
நம்ம பக்கத்து பழைய வீடெல்லாம் ரயில் பொட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணா நீளும், ஒவ்வொரு கட்டுக்கும் எடைல ஒண்ணரை அடி சுண்ணாம்புச் சுவரு. வாசல்ல பெட்டிய வச்சா 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டாவது சுவத்துலயே மூச்சு வாங்கிரும். 2.4 கொஞ்சம் தாக்குப் புடிக்கும், ஆனா அதுல வேகம் கம்மி, நெரிசலும் ஜாஸ்தி. அந்த பேண்டுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் 1, 6, 11னு மூணுதான், சுவரோட சுவரு ஒட்டுன தெருவுல அத்தன வீட்டு ரவுட்டரும் அந்த மூணுக்குள்ளதான் முட்டிக்கிடணும். அடுக்களைல மைக்ரோவேவ் ஓடுனாலும் இழுக்கும், அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ்லதான் வேல செய்யுது.

அண்ணாச்சி, மொதல்ல பெட்டிய மீட்டர்ட்ட இருந்து எடுத்து பட்டாசல்ல தலைக்கு மேல ஒசரத்துல, பீரோ மறைக்காம வையுங்க. அப்பவும் அடுக்களைக்கு வரலன்னா பூஸ்டர் கீஸ்டர்னு காச விடாதீங்க. பழைய ரவுட்டர் பரண்ல கெடந்தா எடுங்க. அதுக்கு 192.168.1.2 மாதிரி வேற ஐபி, அதான் நெட்வொர்க் நம்பர், குடுத்து, அதுல சாமானுக்கெல்லாம் நம்பர் குடுக்குத டிஹெச்சிபிய ஆஃப் பண்ணி, புது பெட்டில இருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து இதோட லேன் போர்ட்டுல சொருவுங்க, வெளி லைனுக்குள்ள வான் (WAN) போர்ட்டுல இல்ல, நான் அதுல சொருவிட்டு ஒரு ராத்திரி பூரா முழிச்சேன். பழசுல போர்ட்டு 100 எம்பிபிஎஸ்தான் இருக்கும், உங்க பிளானுக்கு அது தாராளம்.

ஜங்ஷன்_சர்வீஸ்:
பிரிண்டருக்கு வாரேன். ரவுட்டருக்குள்ள டிஹெச்சிபினு ஒருத்தன், ஆஸ்பத்திரில டோக்கன் குடுக்குதவன் மாதிரி. உள்ள வார ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் குடுப்பான், அதான் ஐபி. டோக்கனுக்கு தவண உண்டு. உங்க பிரிண்டரு 192.168.1.7 வாங்கி உக்காந்திருந்துது, கரண்டு போயி வந்ததும் 7 வேற போனுக்குப் போயிட்டு, இதுக்கு 9 கெடச்சிருக்கு. கம்ப்யூட்டரு இன்னமும் 7ஐத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு, பதில் இல்லன்னதும் ஆஃப்லைன்ங்கு. டோக்கன் மாறும், ஆனா மேக் அட்ரஸ்னு பிரிண்டருக்கு 12 எழுத்து ஒண்ணு கம்பெனிலயே போட்டிருப்பாவ, அது அப்படியேதான் இருக்கும். ரவுட்டர் செட்டிங்ல அந்த மேக்குக்கு இந்த ஐபின்னு ரிசர்வ் பண்ணிப் போடுங்க, கம்ப்யூட்டருல பிரிண்டர ஒருதடவ அந்த ஐபில சேத்துருங்க.

192.168 உங்க வீட்டுல மட்டும்னு நெனச்சிராதீங்க, எங்க கடைலயும் அதேதான். வீட்டுக்குள்ள மட்டும் செல்லுத நம்பரு அது. பழைய முறை ஐபி மொத்தமே ஏறக்கொறைய 430 கோடிதான், ஆளாளுக்கு போனும் டிவியுமா ஆனதும் எப்படிப் பத்தும்? அதான் உள்ள நம்பர எல்லா வீட்டுலயும் ஒண்ணுபோல போட்டுக்கிடுதாவ.

அப்பளக்கட்டு:
அண்ணாச்சிமாரே, பிரிண்டருக்கு 50ஆம் நம்பர் போட்டாச்சு, நேத்து கரண்டு மூணுதடவ போயி வந்துது, பில் கணக்கா வந்துட்டு. பெட்டியும் பட்டாசலுக்கு வந்துட்டு, எங்க வீட்டுக்காரி அதுமேல பூத்துணி போட்டு மூடியிருக்கா, அது ஒண்ணும் செய்யாதுல்லா? பழைய ரவுட்டர் தம்பி வீட்டுல இருக்காம். கேபிள் கொண்டு போவ சுவத்துல ஓட்ட போடணும், அம்மா ரெண்டாங்கட்டு சுவத்துல கை வைக்கப்படாதுங்காவ. மாடி வழியா சுத்தி எறக்குனா 40 மீட்டர் வரும், ஆவுமா?

ரெண்டாங்கட்டு:
துணி சிக்னலத் தடுக்காது, பெட்டிதான் சூடாவும், எடுக்கச் சொல்லுங்க. லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். மாடி வெயிலுக்கு சாதாரண கேபிள் ஒறை வெடிச்சிரும், வெளிய போடுத கருப்பு கேபிள்னு கேட்டு வாங்குங்க.