அம்மம்மா வீட்டுத் தேக்குக் கதவும் படகின் ஸ்டியரிங் பெட்டியும்

காக்கைதீவான்:
வணக்கம் உறவுகளே. 18 அடி நீளப் பழைய பவர்போட் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 1970களில் கட்டியது. உடல் பைபர், மேல்தளமும் டாஷ்போட்டும் மரம். டாஷ்போட்டில் இருப்பது ஒரேயொரு வேகமானி. திசைகாட்டி, இயந்திரச் சுழற்சி காட்டும் ஆர்பிஎம் மீற்றர், 7 அங்குல ஜிபிஎஸ் மூன்றுக்கும் இடம் வேண்டும். அந்த டாஷ்போட்டைக் குடைய எனக்கு மனமில்லை. அதனால் ஸ்டியரிங்குக்கு முன்னால், டாஷ்போட்டுக்கு மேலே ஒரு தேக்குப் பெட்டி செய்து இருத்தப் போகிறேன். வெளிநாட்டுப் படகுக்காரர் ஹெல்ம் பொட் என்பது இதைத்தான்.

மரம் கையில் இருக்கிறது. அம்மம்மா வீட்டின் இரட்டைக் கதவு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஒரு கதவு முழுசாக இருந்தது, மற்றதின் கீழ்ப்பாதி கருகிப்போயிருந்தது. 18 மி.மீ. பலகையாகச் சீவி முழுத்தேக்கில் செய்யவா, மரீன் பிளைவூட்டில் செய்து மேலே தேக்கை ஒட்டவா?

ஓடாவி மகன்:
முழுத்தேக்கில் செய்யுங்கோ தம்பி, யோசிக்கவே வேண்டாம். இத்தனை வருடம் வீட்டில் நின்று காய்ந்த மரம் இனிக் கடையில் கிடைக்காது. மூன்று கருவிக்கும் ஓட்டை வெட்டினால் பிளைவூட்டின் விளிம்பு மூன்று இடத்தில் திறக்கும். அதில் உப்புத்தண்ணீர் ஊறினால் தட்டுத் தட்டாகக் கழன்றுவிடும். தேக்கில் கீறல் விழுந்தால் சீவுளியை ஒருமுறை ஓட்டினால் போதும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. அதற்கு யார் பிளைவூட் போட்டார்கள்?

வல்வைக் கடலோடி:
அன்னபூரணி எங்கள் ஊரின் பெருமை அண்ணை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அது தண்ணீரில் கிடக்கிற உடல். பலகை ஊறிப் பருத்தால் இணைப்புகள் இறுகும், அங்கே மரம் அசைவது நன்மை. இந்தப் பெட்டி தண்ணீரில் கிடக்கப் போவதில்லை, வெயிலில் நிற்கப் போகிறது. சோளகக் காற்றில் காய்ந்து சுருங்கும், வாடை மழையில் பருக்கும். மரத்தின் ஈரம் 5 வீதம் மாறினால், அறுத்த விதத்தைப் பொறுத்து 30 செ.மீ. அகலப் பலகை 2 மி.மீ.க்குக் கிட்ட அசையும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசைகிறது, ஆனாலும் அசைகிறது. வட்டமாக வெட்டிய ஓட்டை முட்டை வடிவமாகும், இறுக்கிய மீற்றரின் விளிம்பை நெரிக்கும், மூலைப் பொருத்து வாய் திறக்கும்.

பாரத்தையும் பாருங்கள். முக்கால் சதுர மீற்றர் தேக்கு 18 மி.மீ. தடிப்பில் ஏறக்குறைய 9 கிலோ. மரீன் பிளைவூட்டுக்கான பிரித்தானியத் தரமான பிஎஸ் 1088 முத்திரையுள்ள 9 மி.மீ. பிளைவூட்டில் 3 மி.மீ. தேக்கு ஒட்டினால் அதில் பாதிதான்.

ஸ்காபரோ சுதா:
இங்கே ஏரியில் ஓடும் ஒரு பழைய படகுக்கு நானும் அப்பாவும் இப்படி ஒன்று செய்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கதவை அறுக்கும் முன் நல்ல காந்தம் ஒன்றை நூலில் கட்டி, பலகையின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். பழைய கதவில் தலை ஒடிந்த ஆணிகள் உள்ளே கிடக்கும், வெளியே கறுத்த புள்ளி மட்டும் தெரியும். எங்கள் வாளின் மூன்று பல்லை அப்படி ஒன்று கொண்டுபோனது.

தேக்கில் எண்ணெய் இருப்பதால் எபொக்சிப் பசை பிடிக்க மறுக்கும். உப்புத்தாள் போட்டு, அசிற்றோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி மஞ்சளாக வரும். மஞ்சள் வராமல் நிற்கும்வரை துணி மாற்றித் துடைத்து, உடனே ஒட்டிவிடுங்கள். திசைகாட்டிக்குக் கிட்ட இரும்புத் திருகாணி வேண்டாம், பித்தளை போடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்குப் போகும் இரண்டு வயரையும் முறுக்கி விட்டால் அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், திசைகாட்டி குழம்பாது.

இன்னுமொன்று. அந்த முழுக் கதவை அறுக்காதீர்கள் அண்ணா. வெட்டிய பிறகு யார் அதைக் கதவாக்குவது?

ஓடாவி மகன்:
சுதா தங்கச்சி சொல்வது என் மனதையும் தொடுகிறது. ஆனால் சுவரில் சாய்த்து வைத்த கதவு யாருக்கும் கதவில்லை. அம்மம்மா தொட்ட மரத்தைப் பேரன் கடலில் பிடித்துக்கொண்டு நிற்பது அதைவிடப் பெரிது.

காக்கைதீவான்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று பழைய அட்டைப்பெட்டியை வெட்டி டாஷ்போட்டில் வைத்துப் பார்த்தேன். 28 செ.மீ. உயரத்தில் வைத்தபோது, ஆசனத்தில் இருந்து ஓட்டினால் முன்தளம் கண்ணுக்கு மறைகிறது. 21க்குக் குறைத்த பிறகுதான் கடல் தெரிந்தது. முகப்பைப் பின்பக்கம் சாய்த்ததும் மதிய வெயில் ஜிபிஎஸ் திரையில் நேரே விழுந்தது, ஆகவே மேலே 4 செ.மீ. நீட்டி ஒரு தாழ்வாரம் வைக்கிறேன். வார்னிஷும் பளபளப்பாக வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன், கண்ணைக் கூசுகிறது.

கருகிய கதவின் மேல்பாதியை மட்டும் 4 மி.மீ. தகடாக அறுத்துப் பிளைவூட்டின் மேல் ஒட்டப் போகிறேன். மற்றக் கதவு வீட்டிலேயே நிற்கட்டும்.

வல்வைக் கடலோடி:
நல்ல முடிவு. 3ஐவிட 4 மி.மீ. இன்னும் நல்லது, பிறகு உப்புத்தாள் போட இடமிருக்கும்.

ஓடாவி மகன்:
நான் இன்னும் முழுத்தேக்குப் பக்கம்தான். ஆனால் பிளைவூட் என்று முடிவெடுத்தபடியால் இதையாவது கேளுங்கோ தம்பி. ஓட்டைகளின் விளிம்புக்கு எபொக்சியை மூன்று தரம் பூசுங்கள், முதல் தரம் உறிஞ்சிக் குடிக்க விடுங்கள். பின்பக்கத்தைத் திருகாணியால் அடைக்காமல் பித்தளைப் பிணைச்சல் போட்டுக் கதவாகத் திறக்க வையுங்கள், கடலில் வயர் கழன்றால் கை உள்ளே போக வேண்டும். அடியில் பின்மூலையில் விரல் நுனி அளவு துளை ஒன்று, தண்ணீர் இறங்க. அதன் விளிம்பையும் பூச மறக்க வேண்டாம்.