வயித்து வார் இறுக்குனாலே துள்ளுற குதிரைக்குட்டி, ஏறி உக்கார பழக்குறது எப்படிங்க?

கோபி_செவலை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன ஆடிக்கு அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு பொட்டைக்குட்டி வாங்குனேன். மார்வாரி (ராஜஸ்தான் குதிரை ஜாதி) கிராஸ்னு சொன்னாங்க, காது ரெண்டும் உள்ள வளைஞ்சு நுனி கிட்டத்தட்ட தொட்டுக்கும், செவலை, நெத்தியில வெள்ளை. வயசு மூணு முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. எங்க மாமா கூட வந்து சுழியெல்லாம் பாத்துட்டு சரின்னார், கூட்டிட்டு வந்துட்டோம்.

பொறந்ததுல இருந்து எங்க வீட்லயே வளந்த மாதிரி அவ்வளவு சாது. தேச்சு விட்டா நிப்பா, கால் தூக்கிக் குளம்பு சுத்தம் பண்ண விடுவா, என் பொண்ணு கையில வெல்லம் வாங்கித் திம்பா. முதுகுல போர்வை போட்டாலும் ஒண்ணும் பண்றதில்ல. சேணம் வச்சு வயித்து வார இறுக்குனா மட்டும் பேய் புடிச்ச மாதிரி நாலு காலையும் தூக்கித் துள்றா. நேத்து சேணமே சுத்திப் போயி வயித்துக்கு அடியில தொங்கி, அதைப் பாத்து இன்னும் மிரண்டு, வேலிக்கம்பி கிழிச்சு தொடையில காயம். எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஏறி உக்காந்துட்டா சரியாயிடும்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றாரு. சரியாங்க? நான் 78 கிலோ. மாடு பழக்கி அனுபவம் இருக்கு, குதிரை இதான் முதல் தடவை.

ரேக்ளா_ராசா:
நண்பா ரொம்ப யோசிக்காதீங்க. ஆத்து மணல்ல இல்லன்னா உழுது போட்ட காட்டுல இறக்கி விட்டு ஏறி உக்காந்துருங்க, கால் புதையும் துள்ள முடியாது, அரை மணி நேரத்துல வேர்த்து விறுவிறுத்து தானா நிக்கும். எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தான் பழக்குறோம், வண்டிக்கும் சரி சவாரிக்கும் சரி. விழுந்தாலும் மணல், அடி படாது.

பழைய_சைஸ்:
தம்பி முதல்ல காயத்துக்கு டெட்டனஸ் ஊசி போட்டாச்சா? குதிரைக்கு டெட்டனஸ் சட்டுனு வந்துரும், மாடு மாதிரி நினைச்சு மஞ்சள் தடவி விட்டுட்டு இருக்காதீங்க. இன்னிக்கே டாக்டரைக் கூப்பிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

மணல்ல ஏறுற கதைய நானும் நிறைய பாத்துட்டேன். அதுல குதிரை கத்துக்குறது ஒண்ணே ஒண்ணு, இனி துள்ளிப் பிரயோஜனமில்லன்னு. பயம் போகாது, உள்ளயே இருக்கும். ஆறு மாசம் கழிச்சு ஒருநாள் ரோட்டுல பிளாஸ்டிக் பை பறந்தா அன்னிக்கு எல்லாம் சேத்து வெளிய வரும், அன்னிக்கு மேல உக்காந்திருக்குறவன் யாருன்னு தெரியாது, உங்க பொண்ணாகூட இருக்கலாம். அது போக ஆழ மணல்ல பாரத்தோட துள்ள விட்டா முன்னங்கால் நரம்பு (தசைநாண்) போயிரும், அது போச்சுன்னா குதிரையே போச்சு.

நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு. போர்வைக்கு ஒண்ணும் பண்ணல, வாருக்கு மட்டும் துள்ளுது. அப்ப அவளுக்குப் பிரச்னை ஆள் இல்ல, வார். நெஞ்சைச் சுத்தி ஒண்ணு இறுக்கிப் பிடிக்குது, எங்க ஓடுனாலும் கூடவே வருது, அதான் பயம். அந்தப் பயத்து மேல நீங்க 78 கிலோவ வேற கொண்டு போயி வைக்கப் பாக்குறீங்க.

ஒரு கேள்வி. மூணு வயசுன்னு யார் சொன்னது?

கோபி_செவலை:
ஊசி போட்டாச்சுங்க ஐயா, நேத்தே டாக்டர் வந்துட்டுப் போனாரு, நாலு தையல். வயசு வித்தவர் சொன்னதுதான். சுழி மாமா பாத்தாருங்களே.

மருந்துப்பெட்டி:
சுழி பாத்தீங்க, பல் பாத்தீங்களா? தானம் குடுத்த மாட்டைத்தான் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாது, இது காசு குடுத்து வாங்குன குதிரை.

மாட்டுக்கு ரெண்டு பல்லு நாலு பல்லுன்னு பாப்போம்ல, அதே கணக்குதான், ஆனா மாட்டுக்கு மேல் தாடையில முன்பல் கிடையாது, குதிரைக்கு மேல ஆறு கீழ ஆறு. நட்டநடு ரெண்டு பல்லு ரெண்டரை வயசு வாக்குல விழுந்து மொளைக்கும், அதுக்குப் பக்கத்துல இருக்குறது மூணரையில, கடைசி ஓரத்துப் பல்லு நாலரையில. பால் பல்லு சின்னதா வெள்ளையா ஈறுகிட்ட இடுப்பு குறுகுன மாதிரி இருக்கும், புதுப்பல்லு அகலமா கொஞ்சம் மஞ்சளா கோடு விழுந்து இருக்கும். மூணு முடிஞ்ச குதிரைன்னா நடுப்பல்லு நல்லா வளந்து மேலயும் கீழயும் ஒண்ணோட ஒண்ணு உரசி நிக்கணும். உதட்டை மட்டும் பக்கவாட்டுல விலக்கிப் பாருங்க, வாய்க்குள்ள கைய விடாதீங்க.

கோபி_செவலை:
இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். மேல நடுவுல ரெண்டு புதுப்பல்லு ஈறைக் கிழிச்சுட்டுப் பாதி வெளிய வந்திருக்கு, கீழ ஒண்ணு ஆடிட்டிருக்கு, மத்ததெல்லாம் சின்னச் சின்னப் பல்லு. அப்படின்னா?

மருந்துப்பெட்டி:
அப்படின்னா ரெண்டரைக்கு முன்ன பின்ன. ஏமாத்துனாங்களா தெரியாம சொன்னாங்களான்னு இப்ப பேசிப் பிரயோஜனமில்ல, குட்டி நல்ல குட்டிதான். வாய் இப்ப புண்ணா இருக்குற நேரம், அதனால கடிவாளம் போட்டுப் பழக்குறதா இருந்தா கொஞ்சம் பொறுங்க. டாக்டர் தையல் பிரிக்க வரும்போது கடைவாய்ப் பல்லுக்கு முன்னாடி மேல் தாடையில பட்டாணி மாதிரி சின்னதா ஓநாய்ப் பல்லு இருக்கான்னு தடவிப் பாக்கச் சொல்லுங்க. சில குதிரைக்கு இருக்கும். கடிவாள இரும்பு அதுல இடிச்சா தலைய உதறிட்டே இருக்கும், நாம திமிருன்னு நினைச்சு அடிப்போம்.

ரேக்ளா_ராசா:
அப்ப ரேஸ் குதிரை எல்லாம் ரெண்டு வயசுல ஓடுதே அது எப்படி? கிண்டியில போயி பாருங்க.

பழைய_சைஸ்:
கிண்டியில போயி பாக்கத் தேவையில்ல ராசா, அங்கதான் 22 வருசம் சாணி அள்ளுனேன். ஆமா, ஒன்றரை வயசு தாண்டுனதுமே முதுகுல ஆள் ஏத்துவாங்க. ஏறுறவன் எடை அம்பது அம்பத்தஞ்சு கிலோ, மேல இருக்குறது கொஞ்ச நேரம், கூடவே டாக்டர், எக்ஸ்ரே, கால் கழுவ ஒருத்தன் கட்டுப்போட ஒருத்தன். இவ்வளவும் இருந்தும் எத்தனை குட்டி கால் போயி ஓரம்கட்டுனாங்கன்னு எனக்குத் தெரியும், அதுல ரெண்டைக் கையில புடிச்சுட்டு நானே நின்னிருக்கேன். அது பேசுனா வேற பக்கம் போயிரும் விடுங்க.

எலும்பு ஒரே நாள்ல முத்துறதில்ல. குளம்புக்கு மேல இருக்குறது முதல்ல முத்தும், முன்னங்கால் முட்டிக்கு மேல வளர்ற இடம் ரெண்டு ரெண்டரை வயசுல மூடும், முதுகெலும்பு கடைசி, அஞ்சு தாண்டி ஆறு நெருங்கும். நாம உக்கார்றது எங்க? அந்தக் கடைசியா முத்துற இடத்துல. பொதுவா வளந்த குதிரைக்கே அதோட எடையில அஞ்சுல ஒரு பங்குதான் கணக்கு, சேணத்தையும் சேத்து. உங்க குட்டி இப்ப 270, 280 கிலோ இருந்தா அதிகம். கணக்கு நீங்களே போட்டுக்குங்க தம்பி.

அதுக்காக சும்மா கட்டிப் போட்டுக் கொள்ளும் பார்லியுமா அள்ளி வைக்காதீங்க, அப்ப நிஜமாவே பேய் புடிக்கும். புல்லு நிறைய, கொள்ளு அளவா, தினமும் நடை. அடுத்த ஆடி வரைக்கும் செய்யுறதுக்கு உங்களுக்கு வேலை இருக்கு, நான் செய்யுற முறைய சொல்றேன்.

சேணத்த ஒரு மாசத்துக்குப் பரண்ல போடுங்க. பருத்தித் துண்டு இல்ல பழைய சேலைய மடிச்சு வார் வர்ற இடத்துல, அதாவது முன்னங்கால் உடம்போட சேர்ற இடத்துக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்திப் போட்டு, ரெண்டு நுனியையும் முடிச்சுப் போடாம கையிலயே புடிங்க. லேசா இறுக்குங்க. காது பின்னாடி போகும், வயித்தை எக்குவா, மூச்சைப் புடிப்பா. அப்படியே வச்சிருங்க, கூட்டாதீங்க குறைக்காதீங்க. ஒரு பெருமூச்சு விடுவா இல்ல வாயை மெல்லுவா, தலை கொஞ்சம் கீழ இறங்கும். அந்த நொடியில விட்ருங்க. ரெண்டு நொடி தாமதிச்சா அவளுக்கு எதுக்கு விட்டீங்கன்னு புரியாது. துள்ளும்போது விட்டீங்கன்னா அதைவிட மோசம், துள்ளுனா விடுவாங்கன்னு பாடம் படிச்சுக்குவா. மொத்த வித்தையும் இந்த விடுற நேரத்துலதான் இருக்கு, புடிக்கிறது எவனும் புடிப்பான்.

இது பழகுனதும் வார் மட்டும் கட்டி, ஒரு ஓட்டை இறுக்கி பத்தடி நடத்தி, நிறுத்தி, இன்னொரு ஓட்டை. ஒரே மூச்சா இறுக்குனதுதான் உங்க பிரச்னைக்கே காரணம்னு நினைக்கிறேன். அப்புறம் சேணம், அப்புறம் ரெண்டு பக்கமும் அங்கவடி (ஏறுறவன் கால் வைக்குற வளையம்) தொங்கவிட்டு விலாவுல தட்டத் தட்ட நடத்துறது. எதைச் செஞ்சாலும் இடதுபக்கம் செஞ்சா வலதுபக்கமும் முதல்ல இருந்து செய்யணும், குதிரைக்கு ஒரு பக்கம் பழகுனது இன்னொரு பக்கத்துக்குப் புதுசு மாதிரித்தான்.

அடுத்தது நீளக்கயிறு ரெண்டு. ஹால்டர்ல (வாயில இரும்பு இல்லாத தலைவார்) ரெண்டு பக்கமும் கட்டி அங்கவடி வழியா பின்னாடி கொண்டு வந்து, நீங்க உதைக்கு எட்டாத தூரத்துல பின்னாடி நடக்கணும். ஏர் ஓட்டுன ஆளுக்கு இது கைவந்த கலை. திரும்ப, நிக்க, கிளம்ப எல்லாம் ஆள் ஏறாமலே படிச்சுக்குவா. கயித்தைக் கையில சுத்தாதீங்க, சுத்துன ஒருத்தனுக்கு விரல் போனதைப் பாத்திருக்கேன்.

ஊட்டி_குளிர்:
ஐயா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், நான் பண்ணுன தப்பு. என் குதிரைய மரத்துல தலைக்கயிறு இறுக்கிக் கட்டிட்டு, எங்கயும் போக மாட்டான்னு தைரியத்துல பக்கத்துல ஸ்டூல் போட்டு ஏறுனேன். அவன் பின்னாடி இழுத்தான், கயிறு விடல, மிரண்டு போயி முன்னாடி பாஞ்சான், நான் மரத்துக்கும் அவனுக்கும் நடுவுல. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு நாலு மாசம் வீட்ல. கட்டி வச்சு ஏறவே ஏறாதீங்க. தலைக்கிட்ட தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கயித்தத் தளர்வா புடிச்சு நிக்கணும், ஹெல்மெட் கட்டாயம்.

அப்புறம் மிதிச்சு ஏறுற மேடை மேல சும்மா நின்னு பழக்குங்க, ஏறணும்னு இல்ல. அதுவரைக்கும் நம்மளக் கீழயே பாத்த குதிரைக்கு, தலைக்கு மேல ஒரு உருவம் தெரிஞ்சாலே புலி மாதிரித்தான். அங்க நின்னு தேச்சு விடுங்க, முதுகைத் தட்டுங்க, அந்தப் பக்கம் கைய நீட்டுங்க. நான் ரெண்டாவது தடவை பழக்குனப்போ இதுக்கு மட்டும் மூணு வாரம் ஆச்சு.

பழைய_சைஸ்:
சரியா சொன்னீங்கம்மா. அதுக்கு அப்புறம் எடை கம்மியான ஆள் சாக்கு மூட்டை மாதிரி குறுக்க வயித்தை வச்சுப் படுக்கணும், காலைப் போடாம. துள்ளுனா வழுக்கி இறங்கிடலாம். ரெண்டு மூணு நாள் அப்படியே நாலடி நடத்தி இறங்கணும். காலைத் தூக்கிப் போடும்போது பின்முதுகுல கால் படாம போடணும், உக்காரும்போது தொப்புன்னு விழாம இறங்கணும். முதல் நாள் அஞ்சு நிமிசம் போதும். நல்லா நிக்கிறாளேன்னு ஆசைப்பட்டு ஆறாவது நிமிசம் உக்காருவீங்க பாருங்க, அதுலதான் கெடும்.

ரேக்ளா_ராசா:
இவ்வளவு பொறுமை எனக்கு வராதுங்க. ஆனா அந்தத் துண்டு விசயம் செஞ்சு பாக்குறேன், எங்ககிட்டயும் வார் கட்டுனா கடிக்க வர்ற ஒண்ணு இருக்கு.

பழைய_சைஸ்:
கடிக்குதுன்னா வார் அடியில புண்ணு இருக்கான்னு முடிய விலக்கிப் பாருங்க ராசா. வாயில முள்ளு வச்ச கடிவாளம் போட்டிருந்தா அதையும் கழட்டிருங்க. 1965லயே மத்திய அரசு விதி போட்டுத் தடை பண்ணுன சாமான், இன்னும் சந்தையில தொங்க விட்டு விக்கிறாங்க.

கோபி_செவலை:
அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்குங்க, மழை. தையல் பிரிச்சாச்சு, ஓநாய்ப் பல்லு ஒரு பக்கம் மட்டும் இருந்துச்சு, டாக்டர் எடுத்துட்டாரு. துண்டு வேலைய தினமும் காலையில பால் கறந்து முடிச்சதும் செஞ்சேன். முதல் நாலு நாள் பெருமூச்சு வர்றதுக்குள்ள என் கை மரத்துப் போச்சு. பதினோராவது நாள் துண்டை எடுத்ததும் அவளே பெருமூச்சு விட்டுட்டா, நான் இன்னும் போடவே இல்ல! சிரிச்சுட்டேன்.

இப்ப வார் மூணாவது ஓட்டை வரைக்கும் போகுது, நடத்திட்டே. நீளக்கயிறு நேத்து ஆரம்பிச்சேன், வாய்க்கா பாலம் வரைக்கும் ஒழுங்கா வந்தா, பாலத்துல தண்ணி சத்தம் கேட்டதும் நின்னுட்டா. நானும் நின்னேன். கால் மணி நேரம் ரெண்டு பேரும் நின்னோம், பின்னாடி ஒரு டெம்போக்காரர் ஹாரன் அடிச்சுட்டு "என்னங்ணா குதிரைக்கு டீசல் தீந்துருச்சா"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அப்புறம் மோந்து பாத்துட்டு அவளே தாண்டிட்டா.

ஏறுறது அடுத்த ஆடிக்கு அப்புறம்னு முடிவு பண்ணிட்டேன். அக்கா பையன் 48 கிலோ இருக்கான், காலேஜ் படிக்கிறான், அவன்தான் முதல்ல. இப்ப இருந்தே அவனைத் தேச்சு விட வரச் சொல்லிருக்கேன். ஐயா, ஹால்டர்லயே நீளக்கயிறு ஓட்டுறேன், கடிவாளத்துக்கு எப்ப மாத்தலாம்?

பழைய_சைஸ்:
அந்தப் பல்லு புண்ணு நல்லா ஆறட்டும், புதுப்பல்லும் முழுசா இறங்கட்டும், தை மாசம் பாருங்க. நடுவுல ஒரு மூட்டு மட்டும் இருக்குற வழவழப்பான இரும்பா வாங்குங்க. முதல் தடவை வெல்லப்பாகு தடவிப் போடுங்க, அவதான் வெல்லம் திம்பாளே.