பழைய ஆயிலை லேப்புக்கு அனுப்பினேன், சிலிக்கான் தூக்கத்தைக் கெடுத்தது

பைக்கில் எஞ்சின் ஆயில் மாற்றும்போது வடித்ததில் கொஞ்சம் பரிசோதனைக்கு லேப்புக்கு அனுப்பினேன். ரிப்போர்ட்டில் முதலில் கண்ணில் பட்டது சிலிக்கான் 46 பிபிஎம் (பத்து லட்சத்தில் 46 பங்கு). சிலிக்கான் என்றால் தூசி, தூசி என்றால் பிஸ்டன் போச்சு! அன்று ராத்திரியே ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் மற்ற வரிகளைப் படித்தேன். தூசி போயிருந்தால் சிலிண்டரும் பிஸ்டனும் அரைபட்டு, இரும்பும் அலுமினியமும் சேர்ந்தே ஏறியிருக்கும். எனக்கு இரும்பு 14, அலுமினியம் 5. 4,500 கிலோமீட்டர் ஓடிய ஆயிலுக்கு அது ஒன்றுமே இல்லை. கடைசியாக ஆயில் மாற்றியபோது கிளட்ச் கவரைத் திறந்து, சிலிக்கோன் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி மூடியது நான்தான். அதிலிருந்து கசிந்த சிலிக்கான் அது. அடுத்த ரிப்போர்ட்டில் 17.

இதில் கூத்து என்னவென்றால், நான் கவலைப்பட்டிருக்க வேண்டிய எண் வேறு. 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரி செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்குக்குக் (பாகுத்தன்மையின் அலகு) குறையக் கூடாது. என்னுடையது 11.1, அதாவது 30 கிரேடு. பெட்ரோல் கலந்துவிட்டதோ என்று பார்த்தால் ஃபிளாஷ் பாயிண்ட் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) இறங்கவில்லை. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். அதைக் கெட்டியாக வைத்திருக்கும் பாலிமரைக் கியர் பற்கள் நறுக்கிவிடுகின்றன. இப்போதெல்லாம் 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன்.

*

எனக்கு நேர் எதிர், நண்பரே. சிலிக்கான் 38தான், உங்களுடையதைவிடக் குறைவு. ஆனால் இரும்பும் அலுமினியமும் முந்தைய ரிப்போர்ட்டைப் போல இரண்டு மடங்கு. ஃபில்டர் புதுசு, ஆனால் ரப்பர் விளிம்பு மடங்கி உட்கார்ந்திருந்தது. பழைய ரிப்போர்ட் கையில் இல்லையென்றால் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன்.

*

ரிப்போர்ட் சுத்தம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். லேப்பில் உலோகங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குச் சில மைக்ரான் அளவுள்ள பொடித் துகள்தான் தெரியும். என் வண்டியில் எல்லா எண்ணும் சாதாரணம், ஆயில் வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் காந்தத்திலோ நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு. இரண்டாவது கியரின் பல் உடைந்திருந்தது. அன்றிலிருந்து காந்தத்தைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் லேப்புக்கான பாட்டிலையே நிரப்புகிறேன்.